பிளேட்டின் அழகு

தருமபுரி மாவட்டத்தில் வத்தல்மலை, சித்தேரிப் பக்கம் பழைய மஹிந்திரா ஜீப்பைக் கண்டால், குனிந்து அதன் ஸ்பிரிங் பிளேட்டைத்தான் முதலில் பார்ப்பேன். மேலே நீளமான மெயின் பிளேட். இரு முனையும் சுருண்டு புஷ்ஷைக் கவ்வியிருக்கும். கீழே ஒன்றைவிட ஒன்று குட்டையாக அடுக்கு. குழியில் இறங்கும்போது பிளேட்டுகள் ஒன்றோடொன்று உரசும். அந்த உரசலே குலுக்கலைக் கொஞ்சம் அடக்குகிறது.

வண்டியைத் தூக்க, கூடுதல் பிளேட் சொருகுவது மலிவு. உயரம் வரும், கூடவே இடுப்புவலியும் வரும். கொடுத்த காசுக்குத் தகுந்தது, வளைவு கூடிய புது செட்டும் அதற்கேற்ற நீளத்தில் ஷாக் அப்சார்பரும் உள்ள கிட்தான். 2 அங்குலம் தாராளம். ஆசைப்பட்டு மேலே போனால் பிரேக் ஹோஸ் இழுபடும். புரொப்பல்லர் ஷாஃப்ட் கோணம் மாறி அதிரும். இன்னொன்றையும் கடையில் பெரும்பாலும் சொல்லமாட்டார்கள்: இந்த ஜீப்பில் ஸ்பிரிங்கை எவ்வளவு தூக்கினாலும் ஆக்ஸில் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் குண்டு தரையிலிருந்து ஒரு நூல்கூட எழும்பாது. அதற்குப் பெரிய டயர்தான் வேண்டும்.