பெஞ்சில் யாருமில்லாத கள்ளுக்கடை

லண்டன் சதர்க்கில் ஜார்ஜ் இன் என்று ஒரு பழைய விடுதி. குதிரைக் கோச்சுகள் வந்து நின்ற முற்றம். 1676இல் தீயில் போனதைத் திரும்பக் கட்டினார்கள். ரயில்காரர்கள் பெரும்பகுதியை இடித்தபின் மிஞ்சியதை 1937இல் நேஷனல் டிரஸ்ட் காப்பாற்றியது. இன்றைக்கும் அது பப். சாயங்காலமானால் ஜேஜே என்று கூட்டம். அதே 1937, அக்டோபர் 1ஆம் தேதி, சேலம் மாவட்டத்தில் ராஜாஜி அரசு கள்ளுக்கடைகளை மூடியது. நாமக்கல்லும் அன்று அதற்குள்தான்.

தற்செயல்தான், ஆனாலும் உறுத்துகிறது. சாசரின் யாத்ரீகர்கள் கிளம்பும் டாபர்டு விடுதி ஜார்ஜுக்குப் பக்கத்து வாசல். பிக்விக், சாம் வெல்லரைக் கண்டுபிடிக்கும் ஒயிட் ஹார்ட் இந்தப் பக்கத்து வாசல். வழிப்போக்கர்கள் குடித்துக்கொண்டே பேசும் ஒரு அறை அங்கே கதைக்குக் கிடைத்துவிட்டது. நம்மிடம் சத்திரம் தனி, கள்ளுக்கடை தனி. சத்திரம் தர்மக் கணக்கு. ஒரத்தநாடு முக்தாம்பாள் சத்திரம் மாதிரி, சோறு போடுவார்கள். குடி ஊருக்கு வெளியே.

திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து மதுவிலக்குக்காகவே ‘விமோசனம்’ பத்திரிகை வந்தது. ராஜாஜி ஆசிரியர், கல்கி துணை. ராஜாஜியின் ‘திக்கற்ற பார்வதி’யில் வண்டியோட்டும் கருப்பன் குடிக்கிறான், கடன் ஏறுகிறது, குடும்பம் சிதைகிறது. கதை நிற்கும் இடம் கடைக்கு வெளியே, பார்வதியின் பக்கம். இதைப் பிரச்சாரம் என்று கிண்டலடிக்க எனக்கு மனசில்லை. வீட்டில் எத்தனை அணா மிச்சம் என்று எண்ணிப் பார்த்த எழுத்து அது. பப்பைக் கொண்டாடும் ஆங்கிலக் கதைகள் அதை எண்ணவேயில்லை. ஆனால் உள்ளே என்ன பேசிக்கொண்டார்கள்? யார் பெஞ்சில், யார் மண்தரையில்? சாதி குடிச்சா கரைஞ்சுடுமா என்ன? அந்தக் கதைக்குள் இதற்குப் பதில் இல்லை.

பெருமாள்முருகன் ‘மாதொருபாக’னில் உள்ளே போகிறார். கடைக்குள் அல்ல, தோப்புக்குள். திருவிழா இரவில் பொன்னாவின் அண்ணன் முத்து, மச்சான் காளியைக் குடிக்கக் கூட்டிப்போகிறான். சின்ன வயசுச் சிநேகிதம், கேலி, பழங்கதை. நாமும் அவர்களோடு உட்கார்ந்துவிடுகிறோம். பிறகுதான் உறைக்கிறது: காளியை அங்கேயே பிடித்துவைக்கத்தான் இவ்வளவும். ராஜாஜியிடம் போதை கெடுக்கிறது. இங்கே கெடுப்பது சிநேகிதம். அதனால்தான் அந்தப் பக்கங்கள் இன்னும் வலிக்கின்றன. ஒன்றைச் சொல்லியாகணும்: இங்கேயும் குடி ஒரு தந்திரத்துக்குத்தான் பயன்படுகிறது. சும்மா உட்கார்ந்து பேச நம் கதைகள் ஆளை விடுவதில்லை.

இத்தனைக்கும் நாமக்கல் லாரி ஊர். கோச்சு விடுதியின் இன்றைய வாரிசு நெடுஞ்சாலையில்தான் இருந்திருக்க வேண்டும். 2003இல் சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக் கைக்குப் போனது. 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. உயிர் போகிற விஷயம், தீர்ப்பு சரிதான். கடைகள் வயல் பாதைகளுக்குள் நகர்ந்தன, பெண்கள் மறியல் செய்தார்கள், சில இடங்களில் கடையையே உடைத்தார்கள். அந்த மறியலில் நின்ற பார்வதியும், உள்ளே பிளாஸ்டிக் டம்ளரோடு உட்கார்ந்திருந்த கருப்பனும் ஒரே கதைக்குள் வருகிற நாவலை நான் இன்னும் படிக்கவில்லை. எழுதியிருந்தால் அனுப்புங்க.