அடைத்து வைத்தால் அடங்குமோ?

ஹெராயின் பழக்கத்திற்கு அடிமையானவரை அடைத்து வைத்தால் ஊர் பிழைக்கும் என்பது மலேசியாவில் நெடுநாளைய நம்பிக்கை. 1983-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு வழிவகுத்தது. 2005-இல் அரசு மெதடோன் சிகிச்சையையும் தொடங்கியது. இவ்விரு வழிகளையும் ஒப்பிட்ட ஆய்வொன்று 2017-இல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வெளிவந்தது. கட்டாய நிலையங்களிலிருந்து விடுபட்டோரில் பாதிப்பேர் போதைக்குத் திரும்ப 31 நாட்களே ஆயின. தாமே நாடிவந்து மெதடோன் பெற்றோரிடையே 352 நாட்கள் ஆயின.

ஆய்வில் ஒரு குறையும் உண்டு. பிடித்து வரப்பட்டோரும் விரும்பி வந்தோரும் ஒரே மனநிலையினர் அல்லர். எனவே வேறுபாடு முழுவதையும் மருந்தின் கணக்கில் எழுதுதல் பொருந்தாது. மேலும், அது அளந்தது தனிமனிதர் மீட்சியை. ஊர் பெறும் பயனை அன்று. அப்பயனே பெரிது. மெதடோன் வாய்வழி அருந்தும் மருந்து. ஊசி குறைய, ஊசிவழி பரவும் எச்.ஐ.வி.யும் குறையும். ஏக்கம் தணிந்தவர் வேலைக்குச் செல்வார். கூலி வீடு வந்து சேரும்.

ஆயினும், நாள்தோறும் அருந்தவேண்டிய மருந்து எட்டும் தூரத்தில் இருத்தல் வேண்டும். பாகான் நக்கோடா ஓமார் போன்ற கடலோர ஊர்களிலும் அண்டைத் தோட்டங்களிலும் விடியுமுன் வேலைக்குப் புறப்படுவோர்க்கு, மருந்தகம் திறக்கும் நேரமும் சிகிச்சையின் ஒரு பகுதியே. அதனை எண்ணாத திட்டம் ஏட்டளவில்தான் வெல்லும்.