ரெண்டருக்குப் பிறகு ஜிம்ப்

பிளெண்டரில் ரெண்டர் செய்த வீட்டு எலிவேஷனில் அளவெல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் சுவர் சுண்ணாம்பாய் வெளுத்து, போர்டிகோ நாற்காலி தரையில் படாமல் மிதக்கும். மறுபடி ரெண்டர் போட்டு ராத்திரியெல்லாம் காத்திருக்காமல் போட்டோஷாப்பில் தட்டிச் சரிசெய்வதுதான் வழக்கம். சந்தா கட்ட மனமில்லாதவர்களுக்கு இலவச ஜிம்ப் போதுமா? 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பு போதும், ஓரிரு குறைகளைப் பொறுத்துக்கொண்டால்.

பாதி வேலை பிளெண்டரிலேயே இருக்கிறது. ரெண்டரோடு ஆம்பியன்ட் அக்லூஷன், மிஸ்ட் என்ற இரண்டு பாஸ்களையும் தனிப் படங்களாக எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாம் 16 பிட்டில் இருக்கட்டும். 8 பிட் படத்தில் கர்வ்ஸை இழுத்தால் வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும்.

ஜிம்பில் ரெண்டருக்கு மேல் அக்லூஷன் லேயரை வைத்து, மோடை மல்டிப்ளை ஆக்கி, ஒபாசிட்டியை 40 சதவீதம் வரை இறக்கிப் பாருங்கள். நாற்காலிக் கால் தரையைத் தொடும் இடத்திலும் சன்ஷேடின் அடியிலும் மெல்லிய இருள் சேரும். நாற்காலி தரையில் உட்கார்ந்துவிடும். எனக்குப் பிடித்த மாற்றம் இதுதான். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம். மிஸ்ட் லேயரை ஸ்கிரீன் மோடில் லேசாக வைத்தால் தூரத்து மரங்கள் வெளிறிப் பின்னால் போகும். வானத்தையும் சேர்த்து வெளுத்துவிடும் என்பதால் அங்கே மட்டும் மாஸ்க் போட வேண்டும்.

3.0-இன் பெரிய லாபம் அழியாத ஃபில்டர்கள். பழைய 2.10-இல் கர்வ்ஸுக்கு ஓகே கொடுத்தால் அதோடு படத்தில் பதிந்துவிடும். இப்போது லேயர் பக்கத்தில் எஃப்எக்ஸ் குறி வருகிறது. எப்போது வேண்டுமானாலும் திறந்து மாற்றலாம். “சார், அந்தச் சுவர் கொஞ்சம் லைட்டா இருந்தா நல்லாருக்குமே” என்று வாடிக்கையாளர் நாலு நாள் கழித்துப் போனில் சொல்லும்போது இதன் அருமை தெரியும்.

குறை என்னவென்றால், போட்டோஷாப்பில் இருப்பதுபோல் கீழுள்ள எல்லாவற்றையும் மாற்றும் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் 3.0-இல் இல்லை. லேயர்களை ஒரு குரூப்பில் போட்டு, ஃபில்டரை அந்த குரூப்புக்குக் கொடுத்துச் சமாளிக்கலாம். கொஞ்சம் சுற்றுவழிதான். 3.0-இல் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்டும் கிடையாது. மரத்தைச் சின்னதாக்கிவிட்டுத் திரும்பப் பெரிதாக்கினால் மங்கிப்போகும்.

மரம் என்றதும் ஒன்று. மனைக்கு முன்னால் டிரான்ஸ்ஃபார்மர் நிற்கும், படத்தில் அதே இடத்தில் மேப்பிள் மரம் சிவந்து நிற்கும். நெட்டில் எடுத்த கட்அவுட்டை விட்டுவிட்டு, தெருவில் நிற்கிற புங்கையையோ வேம்பையோ போனில் எடுத்து வெட்டி ஒட்டுங்கள். வெயில் விழும் பக்கம் மட்டும் ரெண்டரோடு ஒத்துப்போக வேண்டும். ஆட்களையும் ஒட்டுவதானால், கேமரா கண் உயரத்தில் இருக்கும்போது சமதரையில் நிற்கும் பெரியவர்கள் கிட்டே நின்றாலும் தள்ளி நின்றாலும் தலைகள் அடிவானக் கோட்டை ஒட்டியே வரவேண்டும். லென்ஸ் ஃப்ளேர் பக்கம் போகவே வேண்டாம்.

ஆபீஸில் ஏற்கெனவே பிஎஸ்டி கோப்புகள் குவிந்து கிடந்தால் அவசரப்பட்டு மாறாதீர்கள். அவற்றிலுள்ள அட்ஜஸ்ட்மென்ட் லேயர்கள் ஜிம்பில் அப்படியே வரும் என்று நம்ப முடியாது. புதிதாக, தனியாகத் தொழில் தொடங்குகிறவர்கள் தாராளமாக இதிலேயே ஆரம்பிக்கலாம்.