இதழியல் மாணவரும் சிந்தனை மீட்சியும்: கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையை முன்வைத்து

இதழியல் பயிலும் மாணவர் தம் கட்டுரையோடு சிந்தனை மீட்சிக் குறிப்பு ஒன்றையும் இணைத்தளிக்கும் வழக்கம் நம் இடுபணிகளில் இன்று நிலைபெற்றுவிட்டது. சுயமாக வழிநடத்திக் கற்றல் குறித்து மால்கம் நோல்ஸ் 1975இல் எழுதிய நூலும், தொழில்புரிவோரின் சிந்தனைமுறை குறித்து டொனால்டு ஷோன் 1983இல் வெளியிட்ட ஆய்வும் இவ்வழக்கத்திற்குக் கல்வியியல் அடித்தளம் அமைத்தன. நோக்கம் உயர்ந்தது. ஆயினும் நாம் படிக்க நேரும் குறிப்புகளுள் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. நேரத்தைத் திட்டமிடக் கற்றமையும் தன்னம்பிக்கை வளர்ந்தமையும் அவற்றில் தவறாது இடம்பெறும். கட்டுரையில் ஒரு வாக்கியத்தையேனும் மாற்றத் தூண்டிய சிந்தனை மட்டும் இடம்பெறுவதில்லை.

இக்குறையை ஓர் எடுத்துக்காட்டின் வழி நோக்கலாம். பினாங்கு ஜார்ஜ் டவுனில் உள்ள கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை, மாணவர் விரும்பித் தேர்ந்தெடுக்கும் களம். முன்னாளில் பிட் ஸ்திரீட் என வழங்கிய இச்சாலையையொட்டி ஆங்கிலிக்கன் தேவாலயம், சீனரின் குவான் யின் கோயில், மகாமாரியம்மன் ஆலயம், பள்ளிவாசல் ஆகியன அமைந்துள்ளன. சுற்றுலாத் துறையினர் இதனை நல்லிணக்கச் சாலை என்பர். 2008இல் ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றபின் இப்பெயர் மேலும் பரவியது. மாணவர் கட்டுரைகளும் இப்பெயரில் தொடங்கி இப்பெயரிலேயே முடிகின்றன.

அவற்றில் அடிக்கடி காணப்படும் இரு கூற்றுகளைச் சோதிப்போம். நான்கு வழிபாட்டிடங்களும் ஒரே சாலையை நோக்கி நிற்கின்றன என்பது ஒன்று. மாரியம்மன் ஆலயத்தின் வாயிலும் கோபுரமும் குயின் ஸ்திரீட்டை நோக்கியவை. இச்சாலைப் பக்கம் இருப்பது ஆலயத்தின் பின்புறமே. ஒருமுறை நடந்து பார்த்தவர்க்கு இது தெரியாமற்போக வழியில்லை. பள்ளிவாசலின் குவிமாடங்கள் 1801இல் எழுப்பப்பட்டவை என்பது மற்றொன்று. அவ்வாண்டு காதர் முகைதீன் பள்ளிவாசலை நிறுவிய ஆண்டு. இன்று நாம் காணும் குவிமாடத் தோற்றமோ இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நிகழ்ந்த விரிவாக்கங்களால் உருப்பெற்றது. முதற்பிழை களத்திற்குச் செல்லாமையால் நேர்ந்தது. இரண்டாவது, படித்த ஆண்டையும் கண்ட கட்டடத்தையும் பிரித்தறியாமையால் நேர்ந்தது. இவ்விரண்டையும் தன்னம்பிக்கை பற்றிய குறிப்பு வெளிப்படுத்தாது.

இவற்றினும் ஆழமானது ‘கெலிங்’ என்னும் சொல்லின் முன் மாணவர் காக்கும் மௌனம். கலிங்கம் என்பதிலிருந்து வந்ததாகக் கருதப்படும் இச்சொல், தென்னிந்தியரைக் குறிக்கும் பெயராகத் தீவுக்கூட்டத்தில் நெடுங்காலம் வழங்கியது. கப்பித்தான் என்பது சமூகத் தலைவர்க்கு அளிக்கப்பட்ட பதவிப்பெயர். இன்றோ ‘கெலிங்’ மலேசிய இந்தியர் இழிசொல்லாகக் கருதும் சொல். எனினும் பள்ளிவாசலின் பெயரிலும் சாலைப் பலகையிலும் அது நிலைத்திருக்கிறது. தமிழ் மாணவர் தம்மைச் சுட்டிய சொல்லைத் தலைப்பில் எழுதிவிட்டு, அதனைப் பற்றி ஒரு வினாவும் எழுப்பாமல் கடந்துசெல்கின்றனர். தற்கற்றல் தொடங்கவேண்டிய இடம் இதுவே. பெயர்ப்பலகையின் கீழ்ப் பணமாற்றுக் கடை நடத்துபவரும் பள்ளிவாசலுக்குத் தொழ வருபவரும் அச்சொல்லை எவ்வாறு உணர்கின்றனர் என்று கேட்கும்படி எந்தப் பாடநூலும் கட்டளையிடாது.

ஷோன் செயலின் ஊடே நிகழும் சிந்தனையைச் செயலுக்குப் பின் நிகழும் சிந்தனையினின்றும் வேறுபடுத்தினார். நம் குறிப்புகள் பின்னதற்கே இடமளிக்கின்றன. அதுவும் மதிப்பெண்ணை முன்னிட்டு. மதிப்பெண் பெறும் மனம்திறப்பு, ஆசிரியர் கேட்க விரும்புவதையே எழுதும் பழக்கமாக மாறுவதில் வியப்பில்லை.

இந்நாட்டில் எழுதக் கற்பித்த பொறுப்பு ஒருகாலத்தில் நாளிதழ்களிடமும் இருந்தது. 1950இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் நடத்திய கதை வகுப்பு, வாசகர் எழுதியனுப்பிய படைப்புகளை மதிப்பிட்டு எழுத்தாளரை உருவாக்கிற்று. அது புனைகதைக்குரியதெனினும், திருத்துவோர் ஒருவர் எதிரே உண்டு என்னும் உணர்வை இளையோர்க்கு அளித்தது. 1924இல் தோன்றிய அவ்விதழ் 2019இல் நின்றது. இன்று மாணவர் தம் எழுத்தை எவர் திருத்தமும் இன்றி நொடியில் பொதுவெளிக்கு அனுப்ப இயலும். எனவே தம் எழுத்துக்குத் தாமே துணையாசிரியராக இருக்கும் திறன் அவர்க்கு இன்றியமையாததாகிறது.

ஆதலின் சிந்தனை மீட்சியை உணர்வுக் குறிப்பிலிருந்து சான்றுக் குறிப்பாக மாற்றுதல் வேண்டும். முதல் வரைவின் ஒவ்வொரு கூற்றுக்கும் எதிரே ‘கண்டது’, ‘கேட்டது’, ‘படித்தது’ என்னும் மூன்றனுள் பொருந்துவதை மாணவர் குறிக்கட்டும். எதுவும் பொருந்தாத கூற்று, பிறர் சொல்லை எண்ணாது ஏற்றுக்கொண்டது என்பது அவர்க்கே புலனாகும். பின்னர்க் களத்திற்கு மீண்டும் சென்று இரண்டாம் வரைவு எழுதட்டும். இரு வரைவுகளுக்கும் இடையே நிகழ்ந்த மாற்றத்திற்கே மதிப்பெண் வழங்குவோம். இதனால் ஆசிரியரின் பணி குறையாது; இரு வரைவுகளையும் ஒப்புநோக்க வேண்டிய உழைப்பு கூடவே செய்யும். அவ்வுழைப்பை ஏற்க நாம் அணியமாக இல்லையெனில், மாணவரிடம் சிந்தனை மீட்சியைக் கோருவது முறையாகாது.