வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவர்: நடிகை சிசிலி டைசன்

அமெரிக்க நடிகை ஒருவரைப் பற்றி நம் சங்க மலரில் எதற்கு ஒரு கட்டுரை என்று அன்பர்கள் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பிழைக்கப் போன ஊரில் நம்மை நாமே எப்படிப் பார்க்கிறோம் என்பது ஒன்று. அந்த ஊர்க்காரர்கள் நம்மை எப்படிச் சித்திரிக்கிறார்கள் என்பது இன்னொன்று. பழைய இந்திப் படங்களில் வரும் ‘மதராசி’யைப் பார்த்து நம் வீட்டுப் பிள்ளைகள் சிரித்தபோது பெரியவர்கள் மனத்தில் சுருக்கென்று தைத்ததே, அந்த வலியோடு தம் வாழ்நாள் முழுதும் மல்லுக்கு நின்றவர் சிசிலி டைசன். அதனால்தான் இந்தக் கட்டுரை.

வாழ்க்கை

கரிபியக் கடலில் நீவிஸ் என்று ஒரு சின்னத் தீவு. அங்கிருந்து நியூயார்க் வந்து குடியேறிய தம்பதியருக்கு 1924 டிசம்பர் 19 அன்று பிறந்தவர் சிசிலி. தந்தை தச்சு வேலை பார்த்தவர். தாய் பிறர் வீட்டில் வேலை செய்தவர், பக்தி மிகுந்தவர், கூத்தும் சினிமாவும் பாவம் என்று நம்பியவர். மகள் நடிக்கப் போகிறேன் என்றதும் வீட்டை விட்டே வெளியேறச் சொல்லிவிட்டார். தட்டெழுத்து வேலை, பிறகு மாடலிங், அப்புறம்தான் மேடை. 1961இல் ஜான் ஜெனேயின் ‘தி பிளாக்ஸ்’ நாடகத்தில், பின்னாளில் பெரும்புகழ் பெற்ற ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ், மாயா ஏஞ்சலு ஆகியோருடன் நடித்தார்.

1963இல் ‘ஈஸ்ட் சைடு வெஸ்ட் சைடு’ என்ற தொலைக்காட்சித் தொடர். அதில் ஓர் அலுவலகச் செயலாளர் வேடம். வேலைக்காரி வேடம் அல்ல என்பதே அன்றைக்குப் பெரிய சமாசாரம். அதைவிடப் பெரிய சமாசாரம் அவர் தலைமுடி. சுருட்டை முடியைச் சூடு போட்டு நீட்டாமல், இயற்கையாக ஒட்ட வெட்டியபடியே திரையில் வந்தார். தென் மாநில நிலையங்கள் சில அந்தத் தொடரை ஒளிபரப்பவே மறுத்தன. ஒரே பருவத்தோடு தொடர் நின்றும் போயிற்று.

‘சவுண்டர்’

1972இல் மார்ட்டின் ரிட் இயக்கிய ‘சவுண்டர்’ வந்தது. அப்போது அம்மையாருக்கு வயது 47. (பல ஆண்டுகள் பத்து வயது குறைத்தே வெளியில் சொல்லப்பட்டு வந்தது என்பது தனிக் கதை.) 1933ஆம் ஆண்டு, லூயிசியானா. வாரச் சாகுபடி செய்யும் ஒரு கறுப்பினக் குடும்பம். பிள்ளைகளின் பசிக்காகக் கணவன் இறைச்சி திருடிச் சிறைக்குப் போகிறான். மனைவி ரெபேக்கா, பிள்ளைகளை வைத்துக்கொண்டு பயிரைக் கரை சேர்க்கிறாள். கதை இவ்வளவுதான்.

சிறையிலிருந்து கணவன் நொண்டிக்கொண்டே வருகிறான். தூரத்தில் ஓர் உருவம், நாய் குரைக்கிறது, அவள் கண்ணுக்குமேல் கை வைத்துப் பார்க்கிறாள், அவன்தான் என்று தெரிந்ததும் ஓடுகிறாள். அழகாக ஓடவில்லை; கைகால் ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கமாக ஓடுகிறாள். வசனமே வேண்டியிருக்கவில்லை. சும்மா சொல்லக் கூடாது, அந்த ஓட்டம் ஒன்றுக்காகவே படத்தைப் பார்க்கலாம்.

சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் போட்டியில் அவர் பெயர் வந்தது. அதே ஆண்டு டயானா ராஸ் பெயரும் வந்தது. அதற்கு முன் அந்தப் பட்டியலில் இடம் பெற்ற கறுப்பினப் பெண், 1954ஆம் ஆண்டுப் படத்துக்காக டோரதி டேண்ட்ரிட்ஜ் ஒருவர்தான். பரிசு என்னவோ லைசா மினெல்லிக்குப் போயிற்று.

இந்தப் படத்தை ஒட்டி நடந்த ஒரு சம்பவத்தை அம்மையார் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். வெள்ளைக்காரப் பத்திரிகையாளர் ஒருவர், படத்தில் அந்தப் பையன் தகப்பனை ‘டாடி’ என்று கூப்பிடுவது தமக்குச் சங்கடமாக இருந்தது, ஏன்னா தம் மகனும் தம்மை அப்படித்தானே கூப்பிடுகிறான் என்றாராம். கறுப்பருக்கும் நம்மைப் போலவே பாசம் உண்டா என்று ஒரு படித்த மனிதருக்கே சந்தேகம்! இனி நடிப்பைத் தொழிலாக மட்டும் கருதுவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தாராம் அவர்.

மறுப்பின் கணக்கு

எழுபதுகளின் தொடக்கத்தில் கறுப்பின மக்களைப் போதை வியாபாரிகளாகவும் அடியாட்களாகவும் காட்டும் படங்கள் சக்கைப்போடு போட்டன. அவ்வகை வேடங்களை டைசன் ஏற்கவில்லை. நல்ல வேடம் வரும்வரை வேலையில்லாமல் இருக்கவும் துணிந்தார்.

இங்கே ஒரு ஆட்சேபம் எழும். அடிமைப் பெண்ணாகவும் சமையற்காரியாகவும் அவர் நடிக்கவில்லையா? நடித்தார். 1977இல் ‘ரூட்ஸ்’ தொடரில் குன்ட்டா கின்ட்டேயின் தாய்; 1978இல் அடிமைகளை மீட்ட ஹேரியட் டப்மன்; 1991இல் ‘ஃப்ரைடு கிரீன் டொமேட்டோஸ்’ படத்தில் வீட்டு வேலைக்காரி; 1994இல் அடிமையாக இருந்த காஸ்டாலியா. கடைசியாகச் சொன்ன வேடத்துக்கு எம்மி விருதும் வாங்கினார். ஆக, அவர் தள்ளியது எந்தத் தொழிலையும் அல்ல. பாத்திரம் என்ன வேலை செய்கிறது என்று பார்க்காமல், அதற்குள் ஒரு மனுஷி இருக்கிறாளா என்று பார்த்தார். இதுவே அவருடைய அளவுகோல்.

ஆனால் மறுக்காதவர்களை நாம் இளக்காரமாகப் பேசலாகாது. ‘கான் வித் த விண்ட்’ படத்தில் வேலைக்காரியாக நடித்து 1940இல் ஆஸ்கார் வாங்கிய முதல் கறுப்பினக் கலைஞர் ஹாட்டி மெக்டேனியல். பரிசளிப்பு விழாவிலேயே அவரைத் தனி மேசையில் உட்கார வைத்தார்கள். அவருக்கு வேறு வேடம் தர ஆளில்லை. சரக்கைத் திருப்பி அனுப்ப வேண்டுமானால் கையில் கொஞ்சம் முதல் இருக்க வேண்டும் என்பது எந்தக் கடைக்காரருக்கும் தெரியும். டைசன் மறுத்த காலத்தில் அந்த முதலைச் சேர்த்துக் கொடுத்தது அவருக்கு முந்தைய தலைமுறையும் உரிமைப் போராட்டமும். இதை மறந்துவிட்டு அவரைப் புகழ்ந்தால் அது பாதிக் கணக்கு.

ஒரு குறை

1974 ஜனவரி 31 அன்று ஒளிபரப்பான ‘மிஸ் ஜேன் பிட்மனின் சுயசரிதை’யே அவருடைய தலைசிறந்த படைப்பு என்பார்கள். எர்னஸ்ட் கெய்ன்ஸின் 1971ஆம் ஆண்டு நாவலைத் தழுவியது. அடிமையாகப் பிறந்து 110 வயது வரை வாழும் பெண். ஒன்பது எம்மி விருதுகள் கிடைத்தன. அவற்றுள் இரண்டு டைசனுக்கு. கடைசியில் கிழவி தடியூன்றி மெல்ல மெல்ல நடந்து, வெள்ளையருக்கு மட்டும் என்று எழுதிய குழாயில் தண்ணீர் குடிக்கிறாள்.

இந்தக் காட்சி நாவலில் கிடையாது. நாவலில் கிழவியின் கதையைக் கேட்டு எழுதுகிறவர் ஒரு வரலாற்று ஆசிரியர். படத்தில் அவர் வெள்ளைக்காரப் பத்திரிகையாளர் ஆகிவிட்டார். பார்ப்பவர்களுக்குச் சுகமாக இருக்கட்டும் என்று செய்த மாற்றங்களாகவே எனக்குப் படுகின்றன. ஒரு மிடறு தண்ணீரோடு நூறு வருஷக் கடன் தீர்ந்ததுபோல ஒரு நிம்மதி வந்துவிடுகிறது. அந்த நடையை இழுத்து இழுத்து, ஒவ்வோர் அடிக்கும் விலை உண்டு என்று காட்டியது டைசனின் உடம்புதான். கதை தந்த சுலபமான நிம்மதியை நடிப்பு கொஞ்சம் கெடுத்தது, நல்ல வேளை!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கண்ணியமான வேடமே பின்னாளில் ஓர் அச்சாகிவிட்டது. துன்பம் தாங்கும் தாய், சரித்திரப் பெண்மணி, புத்தி சொல்லும் பாட்டி என்று திரும்பத் திரும்ப வந்தன. ரிச்சர்ட் பிரையருடன் 1981இல் நடித்த நகைச்சுவைப் படம் போன்றவை சொற்பம். கெட்டவளாக, அசட்டுப் பெண்ணாக நடிக்கும் சுதந்திரமும் மனுஷத்தனத்தில் சேர்ந்ததுதானே? அது அவருக்கு நிறையக் கிட்டவில்லை.

முடிவாக

2013இல், 88 வயதில், ‘த டிரிப் டு பவுண்டிஃபுல்’ நாடகத்துக்காக டோனி விருது பெற்றார். தன் சொந்த ஊரை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று வீட்டாருக்குத் தெரியாமல் கிளம்பும் கிழவியின் கதை. நம்மவர்க்கு விளக்க வேண்டியதில்லை. 2015இல் தொலைக்காட்சியில், வயோலா டேவிஸுக்குத் தாயாக, வளர்ந்த மகளைக் காலடியில் உட்கார்த்தித் தலைவாரி விடுகிறார். 1963இல் தம் முடியை மறைக்க மறுத்தவர் செய்யும்போது அந்தச் சாதாரணக் காரியத்துக்குக் கனம் கூடிவிடுகிறது. 2018இல் கௌரவ ஆஸ்கார் வந்தது. தன்வரலாறு வெளியான இரண்டாம் நாள், 2021 ஜனவரி 28 அன்று, 96 வயதில் காலமானார்.

வேண்டாம் என்று சொல்வது எளிது என்று நம் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். அதற்கு விலை உண்டு, யாரோ ஒருவர் முன்பே பாதி விலை கொடுத்திருக்கிறார் என்று சொல்லுங்கள். ‘சவுண்டர்’ படம் கிடைத்தால் குடும்பத்தோடு உட்கார்ந்து பாருங்கள்.