ஐடா பி. வெல்ஸை எப்படி ரசித்துப் படிப்பது?

நிறவெறியை எதிர்த்த இதழியலில் ஐடா பி. வெல்ஸுக்கு முன்வரிசையில் இடம். 1862இல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் அடிமைப் பெற்றோருக்குப் பிறந்தவர். மெம்ஃபிஸ் நகரில் 'ஃப்ரீ ஸ்பீச்' பத்திரிகையின் ஆசிரியர், பங்குதாரர். 1892 மார்ச்சில் அவருடைய நண்பர் தாமஸ் மாஸையும் மாஸின் மளிகைக்கடையைச் சேர்ந்த இருவரையும் வெள்ளையர் கும்பல் சிறையிலிருந்து இழுத்துப்போய்ச் சுட்டுக் கொன்றது. வெள்ளையர் ஒருவரின் கடைக்கு அந்தக் கடை போட்டியாக இருந்ததே பகையின் வேர். அறிமுகத்துக்கு இது போதும்.

வெல்ஸின் நூல்கள் வெறும் பட்டியல் என்று புதியவர்கள் ஒதுங்குவது பெரிய அநியாயம். உருக்கும் எழுத்து வேறு, பொறுப்பேற்கும் எழுத்து வேறு. இது பிடிபட்டால்தான் வெல்ஸ் பிடிபடுவார். முதல் வகையைப் படித்து அழுதவர், கடன் தீர்ந்ததென்று எழுந்து போய்விடலாம். இரண்டாம் வகை அப்படி விடாது; வெல்ஸின் எழுத்து இந்த வகை. வெள்ளைப் பெண்களைக் காக்கவே கொல்கிறோம் என்பது கும்பல்களின் வழக்கமான சாக்கு. 1892இல் எழுதிய 'சதர்ன் ஹாரர்ஸ்' நூலில், வெள்ளையர் நடத்திய 'சிகாகோ டிரிப்யூன்' திரட்டிய எட்டாண்டுக் கும்பல்கொலைக் கணக்கையே வெல்ஸ் எடுத்துவைத்தார். மாண்ட 728 கறுப்பினத்தவரில் மூன்றில் ஒரு பங்கினர்மீதுதான் பாலியல் வன்கொடுமைக் குற்றச்சாட்டே இருந்தது! 1895இல் வந்த 'தி ரெட் ரெக்கார்ட்' நூலில் பெயர், தேதி, ஊர், சாட்டிய குற்றம் என வரிசை நீள்கிறது. அதை வேகமாகப் புரட்டக் கூடாது. ஒவ்வொரு பெயரிலும் நிற்க வேண்டும். இறந்தவர்மீது வைத்த அன்புதான் அந்தத் துல்லியம்.

ஆவேசம் மிகுந்தால் நடுநிலை போய்விடும் என்பது விமர்சகர்களின் பழைய பாட்டு. மேலோட்டமான பேச்சு அது. மாஸ் முதலியோரின் கொலைக்குப் பின் மெம்ஃபிஸின் கறுப்பின மக்கள் டிராம் ஏறுவதை நிறுத்தினர். வருமானம் சரிந்து பத்திரிகை அலுவலகத்துக்கு ஓடிவந்த டிராம் கம்பெனி அதிகாரிகள், புதிதாக வந்த மின்சாரத்துக்குப் பயந்துதான் மக்கள் ஏறவில்லை என்று நினைத்திருந்தார்கள். வெல்ஸ் உண்மைக் காரணத்தை முகத்துக்கு நேரே சொன்னார்; அந்த உரையாடலைப் பத்திரிகையிலும் போட்டார்; தேவாலயங்களுக்குப் போய், இப்படியே தொடருங்கள் என்றார். இந்த ஆவேசத்தில் எந்த உண்மை குறைந்தது?

1892 மே மாதம், அவர் ஊரில் இல்லாதபோது, அலுவலகத்தை ஒரு கும்பல் நொறுக்கியது. அவர் வடக்கிலேயே தங்கி எழுதினார். புலிட்சர் சிறப்புப் பாராட்டு 2020இல்தான் வந்தது. அவர் இறந்ததோ 1931இல். படிக்கும் வரிசை எளிது: முதலில் சிறு நூலான 'சதர்ன் ஹாரர்ஸ்', அடுத்து 'தி ரெட் ரெக்கார்ட்', பிறகு மகள் பதிப்பித்து 1970இல் வெளியான தன்வரலாறு. டிராம் அதிகாரிகள் வந்துபோன கதை அதில்தான் விரிவாக இருக்கிறது.