வெற்றுக் கட்டங்களை வாசித்தல்

மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவத்தை யாரும் இலக்கியப் பிரதியாக வாசிப்பதில்லை. ஆனால் அதற்கும் ஒரு கதைசொல்லி உண்டு, மையப் பாத்திரம் உண்டு, வாய் திறக்க இடமில்லாதவர்களும் உண்டு. மூதாதையர் குடியிருந்த வீட்டைத் தேடும் இங்கிலாந்துக்காரர்கள் முதலில் புரட்டுவது இந்தப் படிவங்களைத்தான். நூறு ஆண்டுகள் கழிந்ததும் அவை பொதுப் பார்வைக்கு வந்துவிடுகின்றன. பெயர், வயது, ஊர் தெரிந்தால் தெருவைக் கண்டுபிடித்துவிடலாம். பூட்டனைத் தேடும்போது இது எளிது. பூட்டியைத் தேடும்போது ஏன் தடுமாறுகிறது என்பதுதான் என் கேள்வி.

1841ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பெயர்கள் இருக்கின்றன. யாருக்கு யார் என்ன உறவு என்பது இல்லை. 1851இல் குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்ற பத்தி சேர்ந்தது. தலைவர் பெரும்பாலும் ஆண். மனைவி, மகள், வேலைக்காரி எல்லோரும் அவருக்குக் கீழே வரிசையாக நிற்கிறார்கள். மணமானதும் பெண்ணின் குடும்பப் பெயர் மாறிவிடும். எனவே அவள் வீட்டைக் கண்டுபிடிக்க, அவள் எந்த ஆணின் வீட்டில் இருந்தாள் என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும். அவள் முகவரி என்பது அவன் முகவரிதான்.

தொழில் பத்தியும் இப்படித்தான். மனைவியின் பெயருக்கு எதிரே அது வெறுமையாகக் கிடப்பதைப் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். வீட்டு வேலை மட்டுமே செய்த மனைவியரை 1881ஆம் ஆண்டுக் கணக்கு தொழிலற்றோர் வகுப்பில் சேர்த்தது. பழைய கதை என்று இதைத் தள்ளிவிட முடியாது. இந்தியாவின் 2001 கணக்கெடுப்பு, இல்லத்தரசிகளைப் பிச்சையெடுப்போர், சிறைக் கைதிகள் ஆகியோருடன் சேர்த்து வேலை செய்யாதோர் பட்டியலில் வைத்ததை உச்ச நீதிமன்றம் 2010இல் ஒரு தீர்ப்பில் கண்டித்தது.

ஆங்கிலப் படிவத்தில் பெண்ணுக்கென்று ஒரு பத்தி தப்பிப் பிழைத்திருக்கிறது: பிறந்த ஊர். 1851 முதல் அது எழுதப்படுகிறது. கணவனின் பெயருக்கும் கூரைக்கும் கீழே இருந்தாலும் அந்தக் கட்டத்தில் அவள் வேறு ஊர்க்காரி. அந்த ஊரையும் வயதையும் பிடித்துக்கொண்டு பத்தாண்டுகள் பின்னால் போனால், அங்கே யாரோ ஒருவரின் மகளாக, பழைய பெயரோடு அவள் அகப்படக்கூடும்.

அடுத்து, 1911. குடும்பத் தலைவர் தம் கையால் நிரப்பிய படிவங்களே பாதுகாக்கப்பட்ட முதல் கணக்கெடுப்பு அது. மணமாகி எத்தனை ஆண்டுகள், உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இறந்தவர்கள் எத்தனை என்றெல்லாம் மணமான பெண்களைப் பற்றிக் கேட்டது. கருப்பையைக் கணக்கெடுத்த அரசு, வாக்குரிமை மட்டும் தரவில்லை. வாக்கில்லையென்றால் கணக்குமில்லை என்று வாக்குரிமைப் போராளிகள் அறிவித்தார்கள். ஏப்ரல் 2ஆம் தேதி இரவு வீட்டில் அகப்படாமலிருக்கப் பலர் வெளியேறினார்கள். லண்டனில் ஒரு சறுக்கு மைதானத்தில் விடிய விடிய விழித்திருந்தார்கள். மகாராஜா துலீப் சிங்கின் மகள் சோபியா, படிவத்தில் எதிர்ப்பையே பதிலாக எழுதினார். எமிலி வைல்டிங் டேவிசன் நாடாளுமன்றத்தின் நிலவறைத் தேவாலயத்தில் ஓர் அலமாரிக்குள் ஒளிந்துகொண்டார். கண்டுபிடிக்கப்பட்டதால் அவர் பெயர் அந்த முகவரியிலேயே பதிவானது. அவர் தங்கியிருந்த வீட்டின் படிவத்திலும் இருக்கிறது. ஒரே இரவில் ஒரு பெண்ணுக்கு இரண்டு முகவரிகள். அவற்றில் ஒன்று, வாக்களிக்கவும் உரிமையில்லாத நாடாளுமன்றம்.

பெண்ணிய வாசிப்புகள் இந்த மறுப்பைக் கொண்டாடுகின்றன. நானும் கொண்டாடுகிறேன், ஒரு தயக்கத்தோடு. எஜமானி படிவத்தை மறுத்தால் அந்த வீட்டு வேலைக்காரப் பெண்ணின் பெயரும் சேர்ந்தே விடுபட்டுப்போகலாம். எஜமானியின் பெயரை வரலாறு வேறு இடங்களில் எழுதிவைக்கும். சமையலறையில் நின்றவளுக்கு அந்த ஒரு வரிதான் இருந்திருக்கும். விட்டுப்போன வரி யாருடைய முடிவு என்று கேட்காமல் எல்லா மௌனத்தையும் எதிர்ப்பு என்று வாசிப்பது சோம்பல்.

என் பூட்டியைத் தேடியபோது இது எனக்கு உறைத்தது. நம் நாட்டில் கிராமவாரியான கூட்டுத்தொகைகள் அச்சாகின்றன. எத்தனை பெண்கள் என்று தெரியும், எந்தப் பெண் என்று தெரியாது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி தனிநபர் பதிவுகளை யாரும் பார்வையிட முடியாது. இத்தனை ஆண்டுகள் கழிந்தால் திறக்கலாம் என்ற விதியும் அதில் இல்லை. இந்த மறைப்பில் நியாயம் உண்டு. சாதியும் மதமும் எழுதிய தாள் தவறான கைக்குப் போனால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். ஆனால் அதன் விலையாக, என் பூட்டி கூட்டுத்தொகையில் கரைந்துவிட்டாள். அவள் எதையும் மறுக்கவில்லை. அவளிடம் யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள்.

ஊரில் விசாரித்தேன். அவள் வீட்டைப் பூட்டன் பேர் சொல்லித்தான் காட்டினார்கள். அவள் பெயர் யாருக்கும் நினைவில்லை. “திருப்புவனத்தான்னுதான் கூப்பிடுவோம்” என்றார் ஒரு பெரியம்மா. வாழ்ந்த ஊர் அவள் பெயரை மறந்துவிட்டது. பிறந்த ஊரை மட்டும் அவள்மேல் ஒட்டிவைத்திருக்கிறது. ஆங்கிலப் படிவத்தின் அந்த ஒற்றைப் பத்திதான் இங்கே வாய்மொழியாக நிற்கிறது.

இப்போது வகுப்பில் ஒரு பயிற்சி தருகிறேன். பாட்டிக்கும் பூட்டிக்கும் ஒரு படிவம் எழுதி வாருங்கள்: பெயர், பிறந்த ஊர், குடியிருந்த வீடுகள், செய்த வேலைகள். தலைவருக்கு உறவு என்ற பத்தி வேண்டாம். வேலைகளை எழுதத் தாள் போதாமல் மாணவிகள் பின்பக்கம் திருப்புகிறார்கள். பூட்டியின் பெயர்க் கட்டத்தில்தான் பலருக்கும் பேனா நின்றுவிடுகிறது. அன்று மாலையே வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்கச் சொல்கிறேன்; சொல்லக்கூடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.